நட்சத்திரம் ஏன் மினுக்குது? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, நட்சத்திரம் நிஜமாவே அணைஞ்சு அணைஞ்சு எரியுதா?

பதில்: இல்லப்பா, அது பாட்டுக்கு எரிஞ்சுட்டுதான் இருக்கு, சேட்டை எல்லாம் நம்ம தலைக்கு மேல இருக்கிற காத்தோடது. சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் கலந்து கலந்து ஓடுது, ரெண்டுக்கும் அடர்த்தி வேற, அதனால வெளிச்சம் வழியில அங்கங்க லேசா வளையுது, ஒரு செகண்டுக்குள்ளயே பல தடவ கண்ணுக்கு வர்ற வெளிச்சம் கூடி குறையுது. மத்தியான வெயில்ல தார் ரோட்டுல தூரத்து பஸ் நெளியுற மாதிரி தெரியுமே, அதே சங்கதிதான்.

கேள்வி: அப்போ வியாழன் மட்டும் ஏன் சும்மா இருக்கு? அதுவும் அதே காத்து வழியாத்தானே வருது?

பதில்: சரியான கேள்வி! சீரியஸ்னு ஒரு பிரகாசமான நட்சத்திரம், நம்ம சூரியனை விட பெருசுதான், ஆனா 8.6 ஒளியாண்டு தள்ளி இருக்கு, நம்ம வீட்டு டெலஸ்கோப்புல எவ்வளவு பெருசு பண்ணாலும் புள்ளிதான். வியாழனை ஒரு பைனாகுலர்ல பாருங்க, குட்டி வட்டமா தெரியும். அந்த வட்டத்துல ஒவ்வொரு இடமும் தனித்தனியாத்தான் மினுக்குது, ஒண்ணு மங்கும்போது இன்னொண்ணு தூக்கும், மொத்தமா பாத்தா சரிக்கு சரி ஆயிடுது. அடிவானத்துல ரொம்ப கீழ இருந்தா கோளும் கொஞ்சம் ஆடும், அதை வச்சு ஏமாந்துடாதீங்க.

கேள்வி: சார், டிசம்பர் கடைசில ராத்திரி கிழக்குப் பக்கம் ஒண்ணு சிவப்பு, பச்சை, நீலம்னு மாறி மாறி அடிக்குது. ட்ரோனா?

பதில்: ஓரியன்ங்கிற நட்சத்திரக் கூட்டத்தோட இடுப்புல வரிசையா மூணு நட்சத்திரம் இருக்கும், அந்தக் கோட்டை கீழ்ப்பக்கமா நீட்டிப் பாருங்க, அங்க போய் நின்னா அது சீரியஸ், ட்ரோன் இல்ல. தாழ்வா இருக்கும்போது வெளிச்சம் ரொம்ப அதிக காத்தைத் தாண்டி வரணும், 30 டிகிரி உயரத்துலயே உச்சிய விட ரெண்டு மடங்கு. நீலம் கொஞ்சம் அதிகமா வளையும், சிவப்பு கம்மியா, அதனால ஒவ்வொரு கலரும் தனித்தனியா ஆடுது. மங்கலான நட்சத்திரத்துக்கும் இதேதான் நடக்குது, ஆனா கண்ணுக்கு கலர் பிடிபடாது.

கேள்வி: நிலாவுல நின்னு பாத்தா?

பதில்: காத்தே இல்ல, மினுக்கவே மினுக்காது.

கேள்வி: பெரிய டெலஸ்கோப்காரங்க இதை எப்படி சமாளிக்கிறாங்க?

பதில்: ஒண்ணு மலைக்கு ஓடுறாங்க, லடாக்ல ஹான்லே சுமார் 4500 மீட்டர் உயரம், காத்துல நாப்பது சதவீதத்துக்கு மேல கீழயே தங்கிடுது. இன்னொண்ணு, கண்ணாடியையே செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவ நெளிச்சு, காத்து பண்ற கோணலை நேர் பண்ணிடறாங்க, 1953லயே ஹோரஸ் பாப்காக்ங்கிற வானியலாளர் சொன்ன ஐடியா, வேகமான கம்ப்யூட்டர் வந்தப்புறம்தான் கைகூடிச்சு. அந்தக் கோணலை அளக்க பக்கத்துல பிரகாசமான நட்சத்திரம் இல்லைன்னா லேசரை மேல அடிச்சு, 90 கிலோமீட்டர் உயரத்துல இருக்கிற சோடியத்தை ஒளிர வச்சு, அதையே நட்சத்திரமா வச்சுக்கிறாங்க. கில்லாடிங்க!

கேள்வி: புதுசா சின்ன டெலஸ்கோப் வாங்கியிருக்கேன் அண்ணா, எந்த நாள் நல்லது?

பதில்: உச்சில இருக்கிற நட்சத்திரமே படபடன்னு அடிச்சுதுன்னா அன்னிக்கு சனி வளையம் பாக்க உக்காராதீங்க, கொழகொழன்னுதான் தெரியும். மழை பெஞ்சு வானம் பளிச்னு இருக்குன்னு நம்பியும் போகாதீங்க, தெளிவு வேற, காத்து அமைதி வேற.