பெர்லின் நினைவிடம் – கடிதம்

வணக்கம் சார்,

சென்ற மாதம் பெர்லின் போனபோது, பிராண்டன்பர்க் வாயிலுக்குப் பக்கத்தில், ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர்களுக்காக இருக்கும் நினைவிடத்தைப் பார்த்தேன். வெறும் சாம்பல்நிறக் கான்கிரீட் கட்டைகள். ஒரு பெயர்கூட இல்லை. பையன்கள் மேலே ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்ததே தவிர துக்கம் வரவில்லை. குறை என்னிடமா, அந்த இடத்திடமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குறை உங்களிடம் இல்லை. ஆனால் நீங்கள் கீழே இறங்கவில்லை என்று தெரிகிறது. அந்த 2711 கட்டைகளுக்கு அடியில் ஒரு தகவல் மையம் இருக்கிறது. பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன.

மேலே எழுத்தோ அடையாளமோ கூடாது என்பது வடிவமைத்த பீட்டர் ஐசன்மனின் முடிவு. கீழே மையம் வருவதையே அவர் முதலில் விரும்பவில்லை. இதில் நான் அவர் பக்கம் இல்லை. கான்கிரீட் நடுவே நடப்பவருக்கு மூச்சு முட்டலாம், முட்டாமலும் போகலாம். கொல்லப்பட்டவர் யார் என்பதை அது சொல்லாது.

கீழே ஓர் அறையில், சாவதற்குமுன் அவர்கள் எழுதிய வரிகள் தரையில் ஒளிர்கின்றன. அதில் ஒன்று, 1942இல் ஜூடித் என்ற 12 வயதுச் சிறுமி அப்பாவுக்கு எழுதியது. வாழ ஆசையாக இருக்கிறது, விடமாட்டேன் என்கிறார்கள், சின்னக் குழந்தைகளை உயிரோடு குழியில் போடுகிறார்கள், அந்தச் சாவுக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள். இதைப் படித்துவிட்டு என்னால் அடுத்த அறைக்கு உடனே போக முடியவில்லை. அப்புறம் பெயர்களின் அறை. ஒவ்வொருவரின் பெயரையும் வாழ்க்கைக் குறிப்பையும் வாசிக்கிறார்கள். எல்லோரையும் அப்படி வாசித்து முடிக்க ஆறரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஏறி விளையாடும் பையன்களை எனக்கும் பிடிக்காது. ஆனால் கொன்ற நாடே, தன் நாடாளுமன்றத்தில் 1999இல் வாக்கெடுத்து, தலைநகரின் நடுவில் இதைக் கட்டியிருக்கிறது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மறுபடி போனால் எஸ்7 ரயிலில் குருனேவால்டு நிலையத்துக்கும் போங்கள். பெர்லின் யூதர்களைச் சாவுக்கு ரயிலேற்றி அனுப்பிய இடம் அது. அங்கே 17ஆம் தண்டவாளத்தின் ஓரமாக 186 எஃகுத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தேதி, ஏற்றி அனுப்பிய யூதர்களின் எண்ணிக்கை, ரயில் போன இடம். முதல் தேதி 1941 அக்டோபர் 18. கடைசித் தேதி 1945 மார்ச் 27. சோவியத் செம்படை பெர்லினுக்குக் கிழக்கே ஓடும் ஓடர் நதியை எட்டி இரண்டு மாதம் ஆகிறது, போர் தோற்றாயிற்று, அப்போதும் ஆள்பிடித்து ரயிலேற்றியிருக்கிறார்கள்.

தகவல் மையத்துக்குக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும்.