ஸ்டென்ட் வைத்தவரை நடக்க விடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 56 வயது. தறிப்பட்டறை வைத்திருக்கிறோம். நாலு மாதத்துக்கு முன் ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் எங்கள் வீதியில் ஒருவர் காலையில் வாக்கிங் போன இடத்திலேயே விழுந்து இறந்துவிட்டார். அன்றிலிருந்து இவரை நான் வாசல் தாண்ட விடுவதில்லை. வேகமாக நடந்தால் ஸ்டென்ட் நகர்ந்துவிடுமா? வாட்ச்சில் நாடி 56 காட்டுகிறது. காலையில் எழும்போது இடது கை மரத்திருக்கிறது. மொட்டை மாடிக்குப் படி ஏறினால் கேஸ் வந்து நெஞ்சை அடைக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்தால் போய்விடுகிறது, ஓமவாட்டர் கொடுக்கிறேன். கொலஸ்ட்ரால் மாத்திரை கல்லீரலைக் கெடுக்குமாமே? பூண்டு இஞ்சிக் கஷாயம் குடித்தால் அடைப்பு கரையுமா? இதற்கு நடுவில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருவதாக வேண்டியிருக்கிறார். என்னங்க செய்வது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, மொட்டை மாடி விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் காத்திருக்கலாம். அதை மட்டும் ‘கேஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

நாம் படி ஏறுகிறோமா, பாயில் படுத்திருக்கிறோமா என்று கேஸுக்குத் தெரியாது. ஏறும்போது வந்து, உட்கார்ந்ததும் போகிற அடைப்பு இதயத்திலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். படி ஏறும்போது இதயம் கூடுதல் ரத்தம் கேட்கிறது. குழாய் எங்கோ சுருங்கியிருந்தால் அது கிடைக்காது, நெஞ்சு இறுகும். உட்கார்ந்தால் தேவை குறையும், இறுக்கம் விடும். இதற்குப் பெயர் ஆஞ்சைனா. ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்த இடமே மறுபடி சுருங்கியிருக்கலாம், வேறொரு குழாயாகவும் இருக்கலாம்.

‘வலியே இல்லைங்க, சும்மா புடிச்ச மாதிரி இருக்குதுங்க’ என்றுதான் நம் பக்கத்துக்காரர்கள் சொல்வார்கள். எங்கே என்று கேட்டால் கையைப் பாருங்கள். ஒற்றை விரலை வைத்து ‘இங்கதான் குத்துது’ என்று காட்டுகிறவரைப் பார்த்து நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. உள்ளங்கையை நடுநெஞ்சில் பரப்பி வைத்து, அல்லது விரல்களை மடக்கி அழுத்திக் காட்டுகிறவரை உடனே ஈசிஜி அறைக்கு அனுப்புவேன். சிலருக்கு அது தாடையில் தெரியும், தொண்டையில் தெரியும், இரண்டு தோளுக்கும் நடுவே முதுகில் தெரியும். சர்க்கரை உள்ளவருக்கு வெறும் மூச்சு வாங்கலாகவே வரலாம்.

ஆகவே நாளைக்கே அவரை ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை மாடி ஏற வேண்டாம். எத்தனையாவது படியில் வந்தது, எத்தனை நிமிடத்தில் போனது, வரவரக் குறைந்த படியிலேயே வருகிறதா என்று எழுதி எடுத்துப் போங்கள். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நார்மலாக வரலாம். ‘சரியாத்தான் இருக்குது’ என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிடாமல், ஏறினால் வருகிறது என்று மறுபடியும் சொல்லுங்கள்.

சும்மா இருக்கும்போதே இறுக்கம் வந்தால், அல்லது உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியும் விடாவிட்டால், அல்லது வியர்த்துக் கொட்டினால், நாளை வரை பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோகிற வேலை வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி தூரம் என்றால், ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரைகள் கொடுக்கிறார்கள்; 2023-லிருந்து நடக்கிற திட்டம். ஓமவாட்டருக்கும் சோடாவுக்கும் போகிற அரை மணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

சரி, இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். நடக்க அனுப்பி, அவர் திரும்பி வராவிட்டால் அந்தப் பழி நம் தலையில் விழுமே என்பதுதானே? வீதியில் விழுந்தவரை ஊரே பார்த்தது. நாற்காலியும் டிவியுமாக இருந்து இரண்டாவது அட்டாக்கில் போனவர்கள் கதையை யாரும் டீக்கடையில் பேசுவதில்லை. அட்டாக் வந்தவரை ஆறு வாரம் கட்டிலோடு கிடத்திய காலம் ஒன்று இருந்தது. காலில் ரத்தம் உறைந்து, கட்டி நுரையீரலுக்குப் போய் இறந்தவர்கள் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாமுவேல் லெவைன் என்ற மருத்துவர் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்ததே அன்றைக்குப் பெரிய துணிச்சல். இப்போது, சிக்கல் இல்லாவிட்டால், ஸ்டென்ட் வைத்த மறுநாளே வார்டுக்குள் நடக்கவைக்கிறோம். முறையாகப் பழக்கிய உடற்பயிற்சி இதய நோயால் வரும் மரணத்தைக் குறைக்கிறது. நீங்கள் வாசலில் காவல் நிற்பதால் அது குறையாது.

மருத்துவர் பார்த்துச் சரி என்றதும் பத்து நிமிடத்தில் தொடங்கட்டும். காலிங்கராயன் வாய்க்கால் கரை உங்களுக்குப் பக்கம் என்றால் அதைவிட நல்ல இடம் வேண்டாம். மேடு பள்ளம் இல்லை. வாரத்துக்கு வாரம் சில நிமிடம் கூட்டி, அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று கொண்டுவந்தால் போதும். முதலிலும் முடிவிலும் ஐந்து நிமிடம் மெதுவாக. சட்டென்று நிற்கக் கூடாது. சாப்பிட்ட கையோடு நடக்க வேண்டாம், ஈரோட்டு வெயிலிலும் வேண்டாம். வேகத்துக்கு வாட்ச் தேவையில்லை. நீங்களும் கூடவே நடங்கள், பேச்சுக் கொடுங்கள். பதில் சொல்ல முடிந்தால் அளவு சரி. மூச்சு வாங்கி வார்த்தை அறுந்தால் மெதுவாக்கச் சொல்லுங்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் அங்கேயே நிறுத்தி உட்கார வேண்டும். நாள் பூராவும் தறி ஓரம் நிற்பதை நடைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி வாதாடுவார். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மற்றவை வேகமாக. ஸ்டென்ட் நகராது. பலூனால் குழாய்ச் சுவரோடு அழுத்திப் பதித்தது அது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்தினால்தான் அது அடைபடும் ஆபத்து கூடும். பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட விடக் கூடாது. நாடி 56 என்பது பெரும்பாலும் இதயத் துடிப்பைக் குறைக்கிற மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரையின் வேலை. தலைசுற்றலோ மயக்கமோ இல்லையென்றால் வாட்ச்சைக் கழற்றி வையுங்கள். தூங்கி எழும்போது மரத்திருந்து, உதறினால் சரியாகிற கை, கையை மடக்கிப் படுத்ததால் இருக்கும். கொலஸ்ட்ரால் மாத்திரை கல்லீரலைக் கெடுப்பது அரிது. சந்தேகம் வந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கஷாயமா? என் சொந்தக்காரர் ஒருவரே அந்த வாட்ஸ்அப் செய்தியை எனக்கு அனுப்பிவைத்து, ‘நீங்களும் பேஷன்டுக்குச் சொல்லுங்க மாப்ளே’ என்றார். வருடக்கணக்கில் கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய அடைப்பைப் பூண்டுச் சாறு கரைக்காது. பூண்டை ரசத்தில் போடுங்கள். ஊறுகாயும் அப்பளமும் குறையட்டும், கொள்ளுப் பருப்பு தாராளமாக இருக்கட்டும்.

பீடி, சிகரெட் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. இல்லாததால்தான் கேட்கிறேன். அது இன்னும் பட்டறைப் பக்கம் ஒளிந்திருந்தால், நடையைவிட முதலில் நிற்க வேண்டியது அதுதான்.

பழனி இந்தத் தைக்கு வேண்டாம். சென்னிமலை முருகன் பக்கத்தில்தான் இருக்கிறார். 1,320 படி இருந்தாலும் மேலே போக ரோடும் உண்டு. இந்த வருஷம் வண்டியில் போய்க் கும்பிட்டு வரட்டும். இதய மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மாடியில் எத்தனையாவது படியில் இறுக்கம் வந்தது என்பதையும் வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதுங்கள்.