பாருஸ்: எந்த மாவட்டம், கல்வெட்டு எங்கே?

வணக்கம். சுமத்ரா தீவிலுள்ள பாருஸ் சிபோல்கா நகரில் இருக்கிறதா, தாபானுலி தெங்ஙா மாவட்டத்திலா, தமிழ்க் கல்வெட்டை அங்கே பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

இந்தோனேசியாவில் மாகாணத்துக்குக் கீழே ‘கபுபாத்தென்’ (மாவட்டம்), அதன் கீழ் ‘கெச்சமாத்தான்’ (நம் வட்டம் போல), அப்புறம் கிராமம். பாருஸ் ஒரு கெச்சமாத்தான். தாபானுலி தெங்ஙாவைச் சேர்ந்தது, அந்த மாவட்டத்தின் தலைநகர் பண்டான். சிபோல்கா தனி நகராட்சி. ஆனால் நிலப்பக்கம் முழுக்க இந்த மாவட்டமே சூழ்ந்திருக்கிறது. குழப்பம் அதனால்தான்.

கல்வெட்டுக்காகவே போவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். பாருஸுக்கு அருகில் லோபு துவாவில் 1873-இல் கிடைத்த அந்தக் கல் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்வெட்டின் காலம் சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. ஐந்நூற்றுவர் வணிகக் குழு, அங்கே வரும் மரக்கலங்கள் கஸ்தூரி விலைப்படி பொன்னாகச் செலுத்தவேண்டிய வரியை அதில் பொறித்திருக்கிறது. நம் எழுத்தை அவ்வளவு தூரத்துக் கல்லில் பார்க்க மனம் நெகிழும்.

அதற்காக பாருஸை விட்டுவிடாதீர்கள். பின்னாலுள்ள மலைக்காடுகளின் கற்பூரம்தான் அந்த வணிகர்களை இழுத்தது. மலாய் மொழியில் கற்பூரத்துக்கு இன்றும் ‘காப்பூர் பாருஸ்’ என்றே பெயர். பாப்பான் திங்கி குன்றின் பழைய முஸ்லிம் கல்லறைக்கு நூற்றுக்கணக்கான படிகள், காலையிலேயே ஏறிவிடுங்கள்.