1/25 கிட்டில் 1932 ஃபோர்டு ஸ்ட்ரீட் ராட்: கூரையைத் தாழ்த்துவது எப்படி, பெயிண்ட் ஏன் கெடுகிறது?

கேள்வி: 1932 ஃபோர்டு மூன்று ஜன்னல் கூப்பே (இரண்டு கதவுக் கார்), 1/25 அளவு பிளாஸ்டிக் கிட் கையில் இருக்கிறது. கூரையைத் தாழ்த்தி, மூக்கு இறங்கிய ஸ்ட்ரீட் ராடாக (ரோட்டில் ஓட்டுவதற்காக மாற்றியமைத்த பழைய கார்) மாற்ற ஆசை. எங்கிருந்து தொடங்குவது? போன தடவை வேறொரு காருக்கு ஸ்ப்ரே அடித்தபோது மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

பதில்:

பெயிண்ட் டப்பா இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். வண்டி நான்கு சக்கரத்திலும் நின்று, அந்த நிற்கிற விதம் கண்ணுக்குப் பிடித்த பிறகுதான் அதற்கு வேலை. பெயிண்ட் அடித்த பாடியில் ரம்பம் வைப்பதைவிடப் பெரிய தண்டனை இந்தப் பொழுதுபோக்கில் கிடையாது.

முதலில் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். அசல் வண்டியின் வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்) 106 அங்குலம். 1/25-இல் அது 107.7 மி.மீ. ஆக்சில்களை டேப் போட்டுத் தற்காலிகமாக நிறுத்தி, இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். முன்னும் பின்னும் குறுக்குவாட்டில் ஓடும் ஒற்றை லீஃப் ஸ்பிரிங்தான் இந்த வண்டிக்கு. அதனால் மூக்கை இறக்குவது எளிது: முன் ஸ்பிரிங்கின் தலைப்பகுதி சேஸிஸில் உட்காரும் இடத்தில் 1 முதல் 1.5 மி.மீ. வரை அரத்தால் தேய்த்தால் போதும். பின்பக்கம் உயரம் வேண்டுமானால் ஸ்பிரிங்குக்கு மேல் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட் ஒரு துண்டு. ஆக்சில் நகர்ந்தால் அதைச் சேஸிஸோடு பிடிக்கும் கம்பிகளின் முனை பழைய துளையில் உட்காராது. வளைத்துத் திணிக்காமல் புதுத் துளை போடுங்கள். திணித்தால் ஆக்சில் முறுக்கிக்கொண்டு ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

மட்கார்டு போடலாமா வேண்டாமா என்று யோசித்தால், என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே. 1932 மாடலில் சேஸிஸின் பக்கவாட்டுச் சட்டம் வெளியே தெரியும்படி, அழகான அச்சு வரியோடு இருக்கும். மட்கார்டைக் கழற்றிய 'ஹைபாய்' தோற்றம் இந்த வண்டிக்கு இவ்வளவு பொருந்துவதற்குக் காரணமே அந்தச் சட்டம்தான்.

அடுத்து கூரை. நிஜ வண்டியில் 3 அங்குலம் வெட்டுவது என்றால் கிட்டில் 3.05 மி.மீ. 3 மி.மீ. அகல மாடல் மாஸ்கிங் டேப்பை ஜன்னல் தூண்களைச் சுற்றி ஒட்டினால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வெட்டுக்கோடுகள் ஆகிவிடும், ஸ்கேலே தேவையில்லை. மெல்லிய ரேசர் ரம்பத்தால், கோட்டின் மேலேயே அறுக்காமல், அகற்றப்போகும் துண்டின் பக்கமாக அறுங்கள். ரம்பமே கால் மி.மீ. தின்றுவிடும், மிச்சத்தை அரத்தால் சரிசெய்துகொள்ளலாம். பின்னால் ஜன்னலுக்கு நடுவே வெட்டினால் அது தபால்பெட்டி வாய் மாதிரி ஆகிவிடும். ஜன்னலுக்குக் கீழே உள்ள தகட்டில் வெட்டினால் ஜன்னல் முழுசாகத் தப்பும்.

இங்கேதான் பலருக்கும் இடறுகிறது. பாடி மேலே போகப்போகக் குறுகுவதால், 3 மி.மீ. எடுத்த பிறகு கூரை கீழ்ப்பகுதியைவிடச் சற்றே சிறியதாக உட்காரும். முன் தூண்களின் அடியில் உள்பக்கமாகச் சின்ன வெட்டு கொடுத்து, துளி பின்னால் சாய்த்தால் முன்பக்கம் சேர்ந்துவிடும். பின் மூலையில் மிஞ்சும் படியைப் பட்டி பார்த்துத்தான் மறைக்க வேண்டும். மெல்லிய திரவப் பசையால் ஒட்டி 24 மணி நேரம் தொடாதீர்கள். பட்டியை ஒரே அடியாக அப்பாமல் மெல்லிய இரண்டு மூன்று பூச்சாகப் போடுங்கள். தடிமனாகப் போட்டால் காயும்போது சுருங்கி, பெயிண்டுக்குப் பிறகு கோடு எட்டிப்பார்க்கும். கிட்டின் ஜன்னல் கண்ணாடி இனி பொருந்தாது. 0.25 மி.மீ. தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டில் புதிதாக வெட்டி ஃபெவிகாலால் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டவே வேண்டாம், அதன் ஆவி பட்டாலே கண்ணாடியில் வெள்ளை படியும்.

எஞ்சினில் ஒரே எச்சரிக்கை. ஷெவ்ரலே ஸ்மால் பிளாக் V8 எஞ்சினுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பாகம்) பின்னால் இருப்பதால் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) முட்டும். நிஜ ராட்களிலும் இதற்காகவே ஃபயர்வாலை உள்ளே தள்ளுவார்கள். ஃபோர்டு 302 V8 எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருக்கிறது, தொல்லை இல்லை. பிளக் ஒயருக்கு 0.3 மி.மீ. கம்பி அளவுக்குச் சரி. ஒயர்களை ஃபயரிங் ஆர்டர்படி, அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசைப்படி இணையுங்கள்: ஷெவ்ரலேக்கு 1-8-4-3-6-5-7-2. சாதாரண ஃபோர்டு 302-க்கு 1-5-4-2-6-3-7-8. குரோம் பூசிய பாகங்களில் ஒட்டும் இடத்தைச் சுரண்டிவிட்டுத்தான் பசை தொட வேண்டும்.

இப்போது பெயிண்ட். ஆரஞ்சுத் தோல் வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், துளிகள் பாடியில் விழுவதற்குள் பாதி காய்ந்துவிடுவது. நம் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். 30 செ.மீ. தள்ளி நின்று அடிக்காமல் 15-20 செ.மீ. தூரத்தில் அடியுங்கள். முதல் இரண்டு கோட் லேசாக, 15 நிமிட இடைவெளியில். கடைசிக் கோட் மட்டும் ஈரம் பளபளக்கும் அளவுக்கு. அதற்கு முன் பாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, அச்சுக் கோடுகளை 400, 600 வாட்டர் பேப்பரில் தேய்த்து, பிரைமர் அடித்திருக்க வேண்டும். நிஜ கார்களுக்கு விற்கும் டச்-அப் ஸ்ப்ரேயின் கரைப்பான் பிளாஸ்டிக்கையே அரிக்கக்கூடும், ஸ்ப்ரூவில் (கிட்டின் பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டம்) அடித்துப் பார்க்காமல் பாடியில் அடிக்காதீர்கள். மழை நாளில் லாக்கர் (சீக்கிரம் காயும் வகைப் பெயிண்ட்) வேண்டாம்: கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூக்கும்.

ஒரு வாரம் கழித்து மூக்கருகே பிடித்துப் பாருங்கள். பெயிண்ட் வாசனை இன்னும் வந்தால் பாலிஷுக்கு நேரமாகவில்லை என்று பொருள். பாலிஷ் போடும்போது ஜன்னலுக்குக் கீழே ஓடும் புடைப்பு வரியின் மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், பிரைமர் முதலில் வெளியே வருவது அங்கேதான்.

டயர்கள் மிருதுவான வினைலாக இருந்தால் ரிம்மின் மேல் ஒரு சுற்று அலுமினியத் தாள் ஒட்டிவிட்டு மாட்டுங்கள். வினைலில் உள்ள எண்ணெய்ப்பசை சில வருடங்களில் வெறும் பிளாஸ்டிக் ரிம்மை இளக்கிவிடும்.