ஆலையில் மூன்று தொழிற்சங்கம் இருந்தால் நிர்வாகம் யாரோடு பேச வேண்டும்? சங்கம் வந்தால் உற்பத்தி படுத்துவிடுமா?

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சங்கத்தால் உற்பத்தி படுப்பதைவிட, யார் கையெழுத்துப் போடுவது என்ற இழுபறியில் படுப்பதுதான் அதிகம். சாம்சங்கின் சுங்குவார்சத்திரம் ஆலையில் 2024 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் ஓடியது. சங்கப் பதிவு அதில் முக்கியமான கோரிக்கை. பதிவு கிடைத்ததோ 2025 ஜனவரியில்.

பதிவு வேறு, நிர்வாகம் பேச வேண்டிய சங்கம் இதுதான் என்ற அங்கீகாரம் வேறு. 1926-ம் ஆண்டின் பழைய தொழிற்சங்கச் சட்டம் பதிவோடு நின்றுவிட்டது. அதனால் நிர்வாகம் தனக்குப் பிடித்த சங்கத்தோடு 18(1) போட்டுவந்தது, அதாவது பழைய தொழில் தகராறு சட்டத்தின் அந்தப் பிரிவில் நேரடி ஒப்பந்தம். அது கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும், மற்ற சங்கம் மறுநாளே தாவா (தொழில் தகராறு) எழுப்பும். அரசின் சமரச அலுவலர் முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் மட்டும்தான் ஆலையில் எல்லோரையும் கட்டுப்படுத்தும். (பிரிவு எண்கள் இப்போது மாறிவிட்டன, பேச்சில் 12(3) அவ்வளவு சீக்கிரம் போகாது.)

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருப்பது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. உங்கள் ஆலையின் மஸ்டர் ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) 400 பேர் என்று வைத்துக்கொள்வோம். 51 சதவீதம், அதாவது 204 பேர் ஆதரவு உள்ள சங்கம்தான் நிர்வாகத்தோடு பேசும் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால் குறைந்தது 20 சதவீத ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் கவுன்சில். ‘அ’ சங்கம் 160, ‘ஆ’ 80, ‘இ’ 70 என்றால், 20 சதவீதத்துக்கு ஓர் இடம் வீதம் ‘அ’வுக்கு இரண்டு, ‘ஆ’வுக்கு ஒன்று. 17.5 சதவீதம் வைத்திருக்கும் ‘இ’ வெளியே. பெரும்பான்மைப் பிரதிநிதிகள் சம்மதித்தால் ஒப்பந்தம் செல்லும் என்பதால், 40 சதவீதம் உள்ள ‘அ’ நினைத்தால் காரியம் முடிந்தது. அங்கீகாரம் மூன்றாண்டு, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் மொத்தம் ஐந்து. நிர்வாகத்துக்கு இது லாபம்: மூன்று மேசைக்குப் பதில் ஒரே மேசை, சம்பளச் செலவும் முன்கூட்டியே தெரியும். இதைச் சொன்னதற்கு என்னை முதலாளி ஆள் என்பவர்கள் அடுத்த பத்தியையும் படிக்கட்டும்.

கோளாறு மஸ்டர் ரோலில்தான். அதே லைனில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர் பெயர் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருக்கும், இந்தக் கணக்கில் வராது. நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை குறையக் குறைய, பாதி ஆலைக்குப் பேச ஆளில்லாத ‘பெரும்பான்மை’ உருவாகும். ஒப்பந்தம் போட்ட பிறகும் லைன் நின்றால் காரணத்தை இங்கே தேடுங்கள்.

தொலைக்காட்சி விவாதங்களில் ‘300 பேருக்குக் கீழே சங்கமே கூடாதாம்’ என்கிறார்கள். அந்த 300 ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசு அனுமதி வாங்குவதற்கான வரம்பு. உங்கள் 400-இல் சங்கம் பதிய 40 உறுப்பினர் போதும்.