தாத்தாவின் ரிவால்வர், தேய்ந்த பேரல்: வாசகர் கேள்விகள்

மழை முடிந்து பீரோவைத் திறந்து பார்த்தவர்களிடமிருந்து வந்த கேள்விகளே இந்த முறை அதிகம். சிலவற்றுக்கு இங்கே பதில்.

எஸ்டேட் துரை தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போன வெப்லி (பிரிட்டிஷ் கம்பெனி) மார்க் 6 ரிவால்வர் எங்களிடம் லைசென்ஸோடு இருக்கிறது. பேரலுக்குள் சுருள் வரிகளே தெரியவில்லை. புதிதாக வெட்டித் தருவார்களா? (குன்னூர்)

பேரல் என்பது குண்டு பாயும் குழல். அதன் உட்சுவரில் குண்டைச் சுழலவைக்கும் சுருள் பள்ளங்களைத்தான் வரி என்கிறோம். முதலில் அது தேய்மானம்தானா என்று பாருங்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் வரி தேயவில்லை, ஈயம் அடைத்திருக்கிறது. அந்தக் காலத்துத் தோட்டாவின் குண்டு வெறும் ஈயம். சுடச்சுட வரிப்பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். உங்களுடையது மார்க் 6 (1915-இல் வந்த மாடல்) என்கிறீர்கள். கட்டைவிரலால் நெம்புகோலை அழுத்தினால் பேரல் முன்பக்கம் மடங்கித் திறக்கும். ஆறு அறையும் காலிதானா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். அப்புறம் சிலிண்டரைக் கழற்றிவிட்டு, பேரலின் ஒரு முனையில் வெள்ளைத்தாளைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் மறுமுனையிலிருந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் மழுங்கிய திட்டுகள் தெரிந்தால் ஈயம். வெண்கலக் கம்பி பிரஷ்ஷைப் பின்பக்கத்திலிருந்து விட்டு எடுங்கள். எஃகு பிரஷ், உப்புத்தாள் இரண்டும் கூடாது.

அதற்குப் பிறகும் வழவழப்பாகவே இருந்தால் நிஜமாகவே தேய்ந்ததுதான். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் போன்றவற்றில் பேரல் மரையில் முறுக்கியிருக்கும், கழற்றி மாற்றலாம். வெப்லியில் பேரலும் மேல்பட்டையும் ஒரே இரும்பு. பழைய துளையைக் குடைந்து பெரிதாக்கி, வரி வெட்டிய மெல்லிய குழாயை உள்ளே பொருத்துவது ஒன்றுதான் வழி. செய்யக்கூடியதுதான். நானாக இருந்தால் செய்யமாட்டேன். காரணத்தைக் கீழே ஊட்டிக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பேரல் கெடுவதற்குக் கார்டைட்தான் காரணம் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா? (அருவங்காடு)

உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் மறுக்கப் பயமாகத்தான் இருக்கிறது, கார்டைட் ஃபாக்டரி ஊராயிற்றே! கார்டைட் என்பது குண்டைத் தள்ளும் புகையில்லா வெடிமருந்து. பீரங்கிக்கும் ரைஃபிளுக்கும் அது உண்மை. முதலில் வந்த கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். அந்தச் சூட்டில் பேரல் அரித்துப்போகிறது என்றுதான் பிறகு 30 சதவீதமாகக் குறைத்தார்கள்.

ஆனால் ரிவால்வர் தோட்டாவில் மருந்து கொஞ்சம்தான். இங்கே நிஜக் குற்றவாளி தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் கேப். அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாகப் பேரலில் படியும். அதுவும் ஒரு உப்பு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் போலக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நம் மலையில் மூடுபனிக்கா பஞ்சம்? சுட்டுவிட்டு எண்ணெய் மட்டும் போட்டு வைத்தவர்களின் துப்பாக்கியெல்லாம் உள்ளே புள்ளிபுள்ளியாக அரித்துக் கிடப்பது இதனால்தான். எண்ணெயில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். கொதிக்கும் நீர் ஊற்றிக் கழுவி, சூடு ஆறுவதற்குள் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே எண்ணெய்.

இன்னொன்று, துடைக்கும் கம்பியைக் குண்டு வெளியேறும் வாய்ப்பக்கத்திலிருந்து விட்டு விட்டு அந்த விளிம்பைத் தேய்த்துவிடுவார்கள். கழற்றிப் பின்பக்கமாகத் துடைக்க முடிகிற வெப்லியிலும் இதைச் செய்திருப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும்.

அப்பா தேங்காயெண்ணெய்தான் போடுவார். தொடரலாமா? (கோத்தகிரி)

வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். உங்கள் ஊரில் அது எப்போது உருகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாளாக நாளாகக் காறிப் பிசுபிசுக்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும், அதுவும் மெல்லிய பூச்சு. தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

மேலே கறுப்புப் பூச்சு போய்ப் பழுப்பேறிவிட்டது. பாலிஷ் போட்டுப் புதிதாகப் பூசலாமா? புளி போட்டால் துரு போகும் என்கிறார்களே? (கூடலூர்)

புளி குத்துவிளக்குக்கு. அதன் அமிலம் இரும்பை விட்டுவைக்காது. விரலில் ஒட்டும் செந்துருவை மட்டும் எண்ணெய் தோய்த்த துணியால் பொறுமையாக எடுங்கள். ஒட்டாத அடர்பழுப்பை அப்படியே விடுங்கள். பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் முனைகள் மழுங்கும், கிரீட முத்திரைகளும் நம்பர்களும் கரைந்துபோகும். துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்தும், 1813-இல் தொடங்கிய பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் முத்திரை அதில் இருக்கலாம். சேகரிப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். பளபளவென்று முத்திரை இல்லாமல் இருப்பதைவிட, பழுப்பாக முத்திரையோடு இருப்பதற்கே மதிப்பு.

சுடவே முடியாத பழைய ரிவால்வருக்கும் லைசென்ஸ் வேண்டுமா? (ஊட்டி)

1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பழைய மாதிரியானதாகவோ, தொன்மை மதிப்புள்ளதாகவோ, பழுதடைந்ததாகவோ இருந்து, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாத ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ‘பழுதுபார்த்தாலும்’ என்பதைக் கவனியுங்கள். பேரல் தேய்ந்திருப்பது மட்டும் போதாது. வரி தேய்ந்த பேரலிலும் தோட்டா பாயும். உங்களுடையது அந்த வகையா என்பதை நீங்களே முடிவுசெய்யாமல் கலெக்டர் அலுவலகத்தில் கேளுங்கள். நிஜமாகவே விலக்கில் வரும் ஒன்றைச் சுடும் நிலைக்குக் கொண்டுவந்தால் விலக்கும் போச்சு. லைசென்ஸ் இல்லாத பட்டறையில் கொடுத்தால் கொடுத்தவரும் செய்தவரும் சேர்ந்து மாட்டுவார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், வாரிசாக வந்ததும் இதற்குள் அடக்கம். லைசென்ஸ்காரர் இறந்திருந்தால் பீரோவிலேயே வைத்திருக்காமல், போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அப்புறம் வாரிசு மனு போடுங்கள்.

லண்டனில் இருக்கும் பேரன் கேட்கிறான். பார்சலில் அனுப்பலாமா? (குன்னூர்)

அனுப்பாதீர்கள். நூறு வயதைத் தாண்டியிருந்தால் 1972 தொல்பொருள் சட்டப்படி தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. தாண்டாவிட்டாலும் ஆயுதச் சட்டம் இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் முத்திரை தெரியும்படி நாலு போட்டோ எடுத்து அனுப்புங்கள், போதும்.