மூட்டுவலி தணிந்த பிறகும் லூபஸுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. லூபஸுக்கு மருந்து எடுத்துக்கொண்டதில் மூட்டுவலியும் முகத்தில் இருந்த சிவந்த தடிப்பும் மறைந்துவிட்டன. ஆனாலும் 3 மாதங்களுக்கு ஒருமுறை சிறுநீர், இரத்தப் பரிசோதனைகள் செய்யச் சொல்கிறார்கள். இவை தேவையா? மருந்தை நிறுத்தலாமா?

பதில்: பரிசோதனைகள் அவசியம் தேவை, மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தவும் கூடாது.

உடலில் அன்றாடம் மடியும் செல்களின் எச்சங்கள் உடனுக்குடன் அகற்றப்பட வேண்டும். நோயெதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோயான லூபஸில் இப்பணி மந்தமாகிறது. தேங்கிப்போகும் டிஎன்ஏவையும் உட்கருப் புரதங்களையும் வைரஸின் பொருளாகக் கருதும் நோயெதிர்ப்பு மண்டலம், இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்தை மிகுதியாகச் சுரக்க, தூண்டப்பட்ட பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள், கிருமிகளைத் தாக்கவேண்டிய புரதங்களான எதிர்ப்பொருள்களைச் சொந்த டிஎன்ஏவுக்கு எதிராகவே உருவாக்குகின்றன. (வெயிலின் புற ஊதாக் கதிர்கள் தோல் செல்களை அழித்து இந்த எச்சங்களைப் பெருக்குவதால்தான் வெயிலைத் தவிர்க்கச் சொல்கிறோம்.)

டிஎன்ஏவுடன் பிணைந்த எதிர்ப்பொருள்கள் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளில் படியும்போது, காம்ப்ளிமென்ட் எனப்படும் இரத்தப் புரதங்கள் அங்கே செயல்படத் தொடங்கி, வெள்ளணுக்களை வரவழைத்து, அழற்சியை மூட்டுகின்றன. அப்புரதங்கள் இவ்வாறு செலவாவதால், அவற்றுள் சி3, சி4 எனப்படுபவற்றின் அளவுகள் இரத்தத்தில் குறைகின்றன. பழுதுபட்ட வடிகட்டி வழியே புரதம் சிறுநீரில் கசிகிறது. அழற்சி நீடித்தால் வடு உண்டாகும். வடுவான வடிகட்டி மறுபடி வேலை செய்யாது.

இவ்வளவும் பெரும்பாலும் வலியின்றியே நடப்பதுதான் எனக்குக் கவலை தரும் செய்தி. எஞ்சிய வடிகட்டிகள் கூடுதலாக உழைப்பதால் சிறுநீரகத்தின் செயல்திறனைக் காட்டும் கிரியாட்டினின் என்னும் இரத்த அளவுகூடத் தொடக்கத்தில் இயல்பாக இருக்கலாம். சிறுநீர்ப் புரதமோ முன்னதாகவே காட்டிக்கொடுத்துவிடும். அது ஒரு நாளைக்கு 0.5 கிராமைத் தாண்டினால் மருத்துவர் பெரும்பாலும் பயாப்ஸி (சிறுநீரகத் திசுவின் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொல்வார். அதற்கு அஞ்சித் தள்ளிப்போட வேண்டாம். எந்த வகைப் பாதிப்பு என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறும்.

உங்கள் மகள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுத்துக்கொள்கிறார் என்றால், டிஎன்ஏவை எதிரியாக உணரும் அந்த முதல் தூண்டுதலையே அது தணிக்கிறது. நலமாக இருக்கும் காலத்திலும் அதைத் தொடர்வது நோய் மீண்டும் கிளர்வதைக் குறைக்கும். அந்த மருந்துக்காகக் கண் பரிசோதனையும் குறித்த காலத்தில் நடக்க வேண்டும். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிறுநீர் நுரைத்தாலோ, கால் அல்லது கண்ணிமை வீங்கினாலோ, இரத்த அழுத்தம் ஏறினாலோ 3 மாதம் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அவரைக் கேட்காமல் வலிநிவாரணி மாத்திரைகளையும் வாங்கித் தராதீர்கள். அவற்றுள் பல சிறுநீரகத்தை மேலும் பாதிக்கும்.